பூசாதது போலவும்

வெடி ஓய்ந்து, பச்சை விளக்கு எரிந்ததும்
நான் குனிகிறேன்.
ராஸ் அல் கைமா, ஊருக்கு வெளியே சுடுகளம்,
இரண்டாம் வரிசை.
சுட்டவர்கள் கை கழுவப் போய்விடுவார்கள்.
காலி உறைகள் எனக்கு.

பித்தளை உறைக்கு மணலின் நிறம்.
விழுந்த கணமே மணலாகிவிடும்.
முட்டி போட்டு, விரலால் துழாவி,
சூடு ஆறுவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.
நிக்கல் பூசியது அப்படியில்லை.
வலையில் உதிர்ந்த செதில் மாதிரி
வெள்ளையாய்க் கிடந்து
இங்கே, இங்கே என்று கூப்பிடும்.

அது ஒரு பக்கெட்டில், இது ஒரு பக்கெட்டில்.
கலந்துவிட்டால் ஒஸ்மான் திட்டுவார்,
சூடான் அரபியில்,
எனக்குப் புரியாது என்ற நம்பிக்கையோடு.
மறுபடி மருந்தடைக்கும்போது
இரண்டின் கழுத்தும் ஒரே மாதிரி பிடிக்காதாம்.
நெம்புகோலை இறக்கினால்
அவர் தோளுக்குத் தெரிந்துவிடுமாம்.

சேர்ந்த வாரத்தில் ஒரு கூத்து நடந்தது.
மெஸ்ஸிலிருந்து புளி கரைத்துக்கொண்டு போய்
முப்பது உறைகளைத் தேய்த்துவிட்டேன்.
குத்துவிளக்கு தோற்றது.
ஒஸ்மான் மோந்து பார்த்து
"சாம்பாரா?" என்றார்.
அதற்கென்று டிரம் இருக்கிறது,
மக்காச்சோளத் தக்கைத் தூள் போட்டால்
மூன்று மணி நேரம் தானே சுற்றும்.

போன வியாழன் அஃப்ரா வந்தார்,
போட்டிக்கு ஐயாயிரம் உறை எழுத.
நிக்கலா, சாதாவா?
ஒஸ்மான் கடை விரித்தார்:
நிக்கல் வியர்வைக்குக் கறுக்காது,
இந்தக் கடல் காற்றுக்குப் பச்சை பிடிக்காது,
வழுக்கிக்கொண்டு போய் உட்காரும்.
ஆனால் வாயோரம் உரியும்.
சீக்கிரம் கழுத்து விடும்.
பித்தளை அழுக்குப் பிள்ளை, சரிதான்.
நெருப்பில் காட்டிக் காட்டி
இன்னும் நாலு தடவை வேலை வாங்கலாம்.

"கறுக்கவும் கூடாது, கீறவும் கூடாது" என்றார் அஃப்ரா.
ஈயம் பூசினது போலவும் இருக்கணும்,
பூசாதது போலவும் இருக்கணும் என்றேன்,
தமிழில், எனக்குள்ளே என்று நினைத்து.
என்ன, என்ன என்று இருவரும் பிடித்துக்கொண்டார்கள்.
எனக்குத் தெரிந்த இந்தியிலும்
கொஞ்சம் அரபியிலும் விளக்கி முடித்தபோது
அது ஒரு பாத்திரத்தின் விலையாகியிருந்தது.

"தினமும் பொறுக்குகிறவர் நீங்கள்தானே,
நீங்கள் சொல்லுங்கள்."

ஒன்பது வருடம்.
ஒரு தோட்டாவும் நான் சுட்டதில்லை,
சுடவும் விடமாட்டார்கள்.
சட்டைப் பையில் அன்று காலை எடுத்த
நிக்கல் உறை ஒன்று,
ஐந்தாம் அடைப்பு,
கழுத்தில் மயிரிழை வெடிப்பு,
உள்ளிருந்து பித்தளை பல்லிளித்துக்கொண்டு.
பையின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

நிக்கல் என்றேன்.
முட்டி சொன்னதை வாய் சொன்னது.

இரவு முழுக்க ஏசி இரைந்தது.
காலையில் அந்த உறையை
ஒஸ்மானின் மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
பேன்ட்டில், முட்டி இருக்கும் இடத்தில்,
வெளுத்துப்போன இரண்டு வட்டங்களைப் பார்த்தார்.

ஐயாயிரமும் பித்தளையாய் வந்தது.
கூடவே ஒரு நீலத் தார்ப்பாய்,
பழசு, சிமெண்டுக் கறையோடு,
யாரிடம் கேட்டு வாங்கினாரோ.
நாலு மூலையிலும் கல் வைத்து விரித்தோம்.
காற்றடித்தால் ஒரு கல் போதாது,
அது வேறு தொல்லை.

நேற்று அஃப்ரா சுட்டு முடித்ததும்
காதுக்கவசத்தை நேரத்துக்கு முன்பே தூக்கிவிட்டேன்.
மணலில் விழுவது ஊமை.
இது தார்ப்பாயில்
டிண் என்று தொட்டு,
ஒரு அரைவட்டம் உருண்டு,
நின்றது.

நீலத்தின் மேல் மஞ்சள்.
நின்றவாக்கிலேயே
தெரிகிறது.